பக்கத்தில் நின்ற ஆள்

நடிகரிடம் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வியை நிருபர் கைப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். அது ஒரு போட்டோ.

அதற்கு முன்னால் மற்றதையெல்லாம் கேட்டு முடித்தாக வேண்டும். கேட்டாள். பெரியவருக்கு எழுபத்தெட்டு வயசு, கோபத்துக்கு மட்டும் இன்னும் இருபத்தைந்துதான். புகழைப் பற்றிக் கேட்டதற்கு, குழாயில் தண்ணி வராத அன்னிக்குப் புகழா வந்து இறைக்கப் போகுது என்றார். அரசியலைக் கேட்டதற்கு, ஒரே ஒரு தேர்தலில் நின்றேன், சாமி கும்பிடுற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கச் சொன்னாங்க, மாட்டேன்னேன், மண்ணைக் கவ்வினேன் என்றார். அதில் ஒரு பெருமை வேறு.

இசை என்றதும் முகம் கொஞ்சம் இளகியது.

"ஜனங்க என் பாட்டும்பாங்க. பாடினது அவர். நான் வாயை அசைச்சேன், அவ்வளவுதான். நான் பாடினா தெருநாய்கூட எழுந்து போயிடும்."

அவர் என்றது, முப்பது வருஷம் இவருக்குப் பின்னணி பாடியவரை. நாலு வருஷமாக அந்தப் பாடகர் வெளியே தலைகாட்டுவதில்லை. ஏன் பாடுவதை நிறுத்திவிட்டார் என்று கேட்டாள்.

அவர் இஷ்டம் என்று வெடுக்கென்று வெட்டிவிட்டார்.

"சாமி நம்பிக்கை, சார்?"

"நேத்தும் கிடையாது, இன்னிக்கும் கிடையாது. அடுத்த கேள்வி."

இதற்காகத்தானே காத்திருந்தாள். போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தாள். போன வெள்ளிக்கிழமை காலை, ஒரு சின்னப் பிரார்த்தனைக் கூடத்தின் ஜன்னல் வழியாக அவள் பத்திரிகையின் போட்டோகிராபர் எடுத்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார் நம் நாத்திகச் சிங்கம். பக்கத்தில் தலையையும் கழுத்தையும் சேர்த்து மஃப்ளர் சுற்றிய ஒரு கிழவர் முகம் தெரியாதபடி குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"எங்கப்பா உங்க மேடைப் பேச்சை ஒண்ணுவிடாம கேட்டவர் சார். அம்மா சாகக் கிடக்கும்போது ஒரே ஒரு சாமி பாட்டுப் போடச் சொன்னாங்க. நம்ம கொள்கை என்ன ஆறதுன்னு சொல்லி அப்பா போடல. கேட்டுக்கிட்டே போய்ச் சேர்ந்தாங்க. நீங்க இங்க உட்கார்ந்து பாடிக்கிட்டிருக்கீங்க."

குரல் நடுங்கவில்லை. போட்டோவை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

பெரியவர் போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்தார். இது ஷூட்டிங், அது இது என்று பூசி மெழுகுவார் என எதிர்பார்த்தாள். மெழுகவில்லை.

"போட்டுக்கோ. வேஷக்காரன்னு எழுதிக்கோ. பக்கத்துல நிக்கிற ஆளை மட்டும் வெட்டிடு."

"யார் சார் அவர்?"

"வெட்டுறியா, இல்ல இப்பவே கிழிச்சுப் போடட்டுமா?"

கிழித்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். மாட்டிக்கொண்ட திருடன் தன்னைக் காட்டிக்கொடுத்துக் கூட்டாளியைக் காப்பாற்றுகிறான் என்றால், கூட்டாளி பெரிய கையாகத்தானே இருக்கும். ஆசிரியர் அட்டைப்படத்தை இவளுக்கென்று ஒதுக்கியாயிற்று. 'ஊருக்குத்தான் உபதேசம்' என்று தலைப்பும் தயார். அந்த மஃப்ளர் ஆள் யாரென்று மட்டும் தெரிந்துவிட்டால் இரண்டு பேர் மானமும் ஒரே பக்கத்தில் கப்பலேறும்.

வெள்ளிக்கிழமை காலை அவளே போனாள். கூடத்தில் பத்துப் பேர்கூட இல்லை. தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு தூண் மறைவில் உட்கார்ந்து செல்போனைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து ஒரு பாட்டுப் பாடலாம். இரண்டு பேர் பாடினார்கள். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து மஃப்ளர் கிழவர் மெதுவாக எழுந்தார். கைகூப்பி, கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார்.

குரல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடிகரிடமிருந்து வந்தது.

சகிக்காத குரல். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். ஆனால் நடிகரின் பார்வை கிழவரின் உதட்டை விட்டு இம்மியும் அகலவில்லை. அது நின்ற இடத்தில் இவரும் நின்றார், அது இழுத்த இடத்தில் இவரும் மூச்சைப் பிடித்து இழுத்தார். பாட்டின் உச்சத்தில் கிழவர் முகத்தை நிமிர்த்தியபோது மஃப்ளர் நழுவியது. தொண்டையில் ஆபரேஷன் செய்த ஓட்டை. அந்த முகத்தை அவள் எத்தனையோ பழைய இசைத்தட்டு உறைகளில் பார்த்திருக்கிறாள்.

செல்போன் மடியிலேயே கிடந்தது.

வாசலில் அவளைப் பார்த்ததும் நடிகருக்கு முகம் சிவந்துவிட்டது. பாடகரைக் காரில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

"குரல் போனது ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. சாமிக்குப் பாடாம இருக்க முடியலன்னும் அழுதாரு. நான் வேற என்ன செய்ய? என்னை எப்படி வேணா நாறடிச்சுக்கோ, அவர் பேரை இழுத்தே..."

"எதுவும் எழுதல சார்."

அவர் காரை நோக்கி நடந்தார். பாதி வழியில் என்ன தோன்றியதோ, நின்று திரும்பினார். இந்தத் தடவை கோபம் அவள் மேல் இல்லை.

"உங்கப்பாகிட்ட கேளு. சாமி இல்லன்னு ஆயிரம் மேடையில சொன்னேன். சாகப் போறவளுக்கு ஒரு பாட்டுப் போடாதேன்னு எந்த மேடையில சொன்னேன்?"