நல்ல நேரத்தில் பதிந்த வீடு

காருக்கும் படகுக்கும் ஒரே ஜிபிஎஸ் போதும் என்பது பொன்னுரங்கத்தின் கட்சி. வாங்கிய அன்று ஏரி நடுவே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், ராகுகாலம் முடிந்ததும், நல்ல நேரம் தவறிவிடக்கூடாதே என்று அங்கேயே அதை முடுக்கினார். முதலில் பதிய வேண்டியது வீடுதானே என்று, இருந்த இடத்தையே ‘வீடு’ என்று பதிந்தும்விட்டார். அன்றிலிருந்து எந்த ஊரிலிருந்து திரும்பினாலும் கார் ஏரிக்கரையில் போய் நின்றது.

“அத மாத்தித் தொலைங்களேன்” என்று மனைவி கோமளா கத்தி ஓய்ந்தாள். நல்ல நேரத்தில் பதிந்ததை அழிக்கக்கூடாதாம்.

இன்று படகில் இருவரும். பனி மூடிக் கரையே தெரியவில்லை. பொன்னுரங்கம் ‘வீடு’ என்பதை அழுத்திவிட்டு, அது சொன்ன பக்கமெல்லாம் துடுப்புப் போட்டார்.

“சேருமிடம் வந்துவிட்டது” என்றது கருவி.

கோமளா கைப்பையைத் துழாவிச் சாவிக்கொத்தை எடுத்து அவர் மடியில் எறிந்தாள்.

“எறங்கிப் போய்க் கதவத் தொறங்க.”