செஞ்சு காட்டு!

நூலகக் கணினி நிரல் ஒன்றில் நாற்பது கட்டளைகள் ஒற்றுமையாகக் குடியிருந்தன. அங்கே கண்ணாடி என்ற புதுக் கட்டளை வந்து சேர்ந்தது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பெயர்ப் பட்டியல் போடுவதுதான் அதற்குக் கொடுத்த வேலை.

வந்த அன்றே கண்ணாடிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "பேர் மட்டும் தெரிஞ்சா போதுமா? ஒவ்வொருத்தரா வேலையைச் செஞ்சு காட்டுங்க!" என்றது.

சேர்ப்பான் ஒரு புத்தகத்தைப் பதிவேட்டில் சேர்த்துக் காட்டியது. தேடுவான் அதையே தேடி எடுத்துக் கொடுத்தது. கண்ணாடி பூரித்துப்போய் இருவருக்கும் டிக் போட்டது.

கடைசியாக, மூலையில் துடைப்பான் நின்றது. பதிவேட்டையே மொத்தமாக அழிப்பது அதன் வேலை.

"நான் வேண்டாமே சார்" என்று நெளிந்தது.

"ஏன், வேலை தெரியாதா?"

"நல்லாவே தெரியும் சார். ஆனா ஒரே ஒரு தடவைதான் செஞ்சு காட்ட முடியும்."

"சாக்குச் சொல்லாதே. ம், ஆரம்பி!"

துடைப்பான் வாயைத் திறந்தது. வந்ததோ வேறு பேச்சு: "பன்னிரண்டாயிரம் புத்தகங்களின் பதிவும் போய்விடும். அழிக்கட்டுமா?"

துடைப்பானே திகைத்தது. நிரல் ஓடத் தொடங்கிக் கண் விழிக்கும் முன்பே, கட்டளைகளைத் திருத்தி எழுதும் மேக்ரோ என்ற ஆசாமி வந்து, அழிக்கிற கட்டளைகளின் வாயில் எல்லாம் இந்தக் கேள்வியை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது.

"ஐயோ, வேண்டாம்!" என்று கண்ணாடி அலறியது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு பட்டியலில் எழுதியது: "துடைப்பான் வேலையில் கெட்டி. நேரில் பார்த்தேன்."