கழன்று விழுந்த திருகு

'டங்'கென்று எஃகுத் தட்டில் விழுகிறது, வைதேகியின் தாடையில் செயற்கைப் பல்லுக்காகப் பொருத்திய திருகு. வெள்ளை விளக்கில் அதன் மரைகளில் ரத்தம் மினுங்குகிறது.

"எலும்பு பிடிக்கவேயில்லை. கர்ப்பப்பை, சினைப்பை ஏதாவது எடுத்திருக்கா மாமி? ஹார்மோன் நின்னா எலும்பு பலம் குறையும். அன்னிக்கே கேட்டேனே!" என்கிறார் டாக்டர். சேஷாத்ரி, மனைவியின் மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். அது எப்போதோ பளிச்சென்று ஆகிவிட்டது. ஆண் டாக்டரிடம் போய் இதையெல்லாம் சொல்வதா என்று கூசி, அன்று அவள் வாய் திறக்குமுன், "ஒரு ஆபரேஷனும் கிடையாது" என்று முந்திக்கொண்டவர் அவர்தான். கீழே பாண்டி பஜாரில் ஆட்டோக்கள் அலறுகின்றன. பஞ்சைக் கடித்தபடி வைதேகி கணவரை ஒருமுறை பார்க்கிறாள்; பிறகு பஞ்சை எடுத்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்புகிறாள்.

"ரெண்டையும் எடுத்தாச்சு டாக்டர். வெக்கமா இருந்துது... நான்தான் இவரைச் சொல்ல வேண்டாம்னேன்."