கவிதைக்கு விழாத கோடு

கல்யாணப் படம் எடுப்பவர் ஒருவரின் இணையதளத்தில், மெனுவின் கடைசியில் 'கவிதை' என்ற பக்கம் இருந்தது. எந்தப் பக்கத்தை யார் திறந்தாலும் மெனுவில் அதன் பெயருக்கடியில் சிவப்புக் கோடு விழும். கவிதைக்கு மட்டும் விழுந்ததே இல்லை.

“ஆள் வராமலா இருக்கும்? கோட்டுலதான் கோளாறு,” என்று பக்கத்திலிருந்த 'ஆல்பம்' தேற்றும். அதை நம்பித்தான் கவிதை நாளை ஓட்டியது.

ஒருநாள் தளத்தைப் பழுதுபார்க்க ஜெசிந்தா வந்தாள். கோட்டுக்கு விட்டுப்போயிருந்த நிரலைச் சேர்த்துவிட்டு, கவிதைப் பக்கத்தைத் திறந்தாள். கோடு பளிச்சென்று விழுந்தது.

“வந்துட்டாங்க!” என்று கத்தியது கவிதை.

“கோடு வருது சார்,” என்று படம் எடுப்பவரிடம் போனில் சொன்ன ஜெசிந்தா, ஒரு வரிகூடப் படிக்காமல் பக்கத்தை மூடினாள்.

மாதம் ஒன்றாகியும் மறுபடி கோடு விழவில்லை.

“அந்தப் பொண்ணு கோளாறைச் சரியா பார்க்கல போல,” என்றது கவிதை.