கத்திலினாவுக்கு விழாத ஓட்டு

"கத்திலினா சபைக்குள்ள வந்து உட்கார்ந்தான். பக்கத்து பெஞ்சுல இருந்தவா எல்லாரும் எழுந்து வேற பக்கம் போயிட்டா. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். பாவம்னா அவன். அப்புறம்?" என்றாள் சாவித்ரி.

மஹாதேவனுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகிறது. தமிழர் மன்றத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை தரவேண்டும். அவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதினாள். மலருக்கு ரசப்பொடிக் குறிப்பு கேட்டால்கூட ரோமாபுரியில்தான் ஆரம்பிப்பார் மனிதர். அப்படி ஒரு பைத்தியம்.

இந்த வருஷம் கத்திலினா. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோமாபுரிப் பிரபு. பெரிய இடத்துப் பிள்ளை. ஆப்பிரிக்காவில் கவர்னராக இருந்தவன். நாட்டின் உச்சப் பதவிக்குத் தேர்தலில் நின்றான், தோற்றான். மறுபடி நின்றான், மறுபடியும் தோற்றான். ஆத்திரத்தில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தான். குட்டு உடைந்து ஊரை விட்டே ஓடி, கடைசியில் போர்க்களத்தில் விழுந்து செத்தான்.

"அந்தப் பதவியில அப்படி என்னதான் கொட்டிக் கிடக்கோ!"

"உனக்குப் புரியாது சாவித்ரி."

அவருக்குப் புரியும். பாலிகஞ்ச் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் மன்றத்துக்குப் பதினெட்டு வருஷம் அவர்தான் தலைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் சீதாராமனிடம் தோற்றார். நாற்பத்தொன்றுக்கு நாற்பது. ஒரே ஒரு ஓட்டு! உள்ளே நுழைந்தால் கூட்டமே எழுந்து நின்ற மனுஷன், இப்போது பொங்கல் விழாவில் நாலாவது வரிசையில் உட்கார்ந்து காராசேவு பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறார். மேடையின் நடு நாற்காலிக்கு ஏங்கினார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஏங்கியே பாதியாகிப் போனார்.

வாசல் மணி அடித்தது. பிரேம்குமார். லேக் மார்க்கெட்டில் அப்பளம், அரிசிமாவு, வடகம் விற்கிற கடைக்காரர். மன்றத்தின் செயற்குழுவில் இருப்பவர். கையில் ஒரு விண்ணப்பத் தாள்.

"சார், ஞாயித்துக்கிழமை எலெக்ஷன். சீதாராமன் சார் மறுபடியும் நிக்கிறாரு. நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

மஹாதேவன் தாளை வாங்கினார். மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தார். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டார்.

"வேண்டாம் பிரேம்குமார்."

"என்ன சார் இது! யாராவது வந்து கூப்பிட மாட்டாங்களான்னு மூணு வருசமா நீங்க காத்துக்கிட்டு இருக்கிறது எனக்குத் தெரியாதா? போன தடவை எவனோ ஒருத்தன் கூட இருந்தே கழுத்தை அறுத்துட்டான். அவன் யாருன்னு மட்டும் தெரிஞ்சுது..."

"எனக்குத் தெரியும்."

காபி கொண்டு வந்த சாவித்ரி டபராவை நீட்டாமல் அங்கேயே நின்றுவிட்டாள்.

"யாரு சார்?"

"சொல்லப்படாது. எனக்கு ரொம்ப வேண்டப்பட்ட ஆள். இந்தத் தடவையும் அந்த ஓட்டு சீதாராமனுக்குத்தான் விழும். அந்தக் குணத்தை மாத்த முடியாது. அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுண்டு நிக்கறது?"

பிரேம்குமார் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். "தாள் இங்கேயே இருக்கட்டும் சார். மனசு மாறினா ஒரு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த சாவித்ரி, கணவரின் எதிரில் உட்கார்ந்தாள். அவள் முகமே சரியாக இல்லை.

"தெரிஞ்சுண்டேவா மூணு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம இருந்தேள்?"

"உன்கிட்ட என்னத்தைக் கேக்கறது?"

"திட்டிடுங்கோ, தாங்கிப்பேன். இப்படிப் பெரிய மனசு பண்ணாதேங்கோ. பதினெட்டு வருஷம்னா! சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினா பத்து மணிக்குத்தான் திரும்புவேள். எனக்கும் உங்களோட லேக்கைச் சுத்தி நடக்கணும், ஒரே பொட்டலத்துல ஜால்முரிப் பொரி திங்கணும்னு ஆசையா இருந்தது. அன்னிக்கு ஓட்டுச் சீட்டைக் கையில வாங்கினதும் என்னமோ ஆயிடுத்து. சீதாராமனுக்குக் குத்திட்டேன்."

சாவித்ரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஆசைப்பட்டது கிடைச்சுது. மூணு வருஷமா தினம் நடக்கறோம். ஆனா மன்றத்து வாசல் வந்தா உங்க கால் நின்னுபோறது. உள்ளே எரியற விளக்கையே பார்க்கறேள். அதைப் பார்த்தப்புறம் எனக்கு ஜால்முரி தொண்டையில இறங்குமா? நில்லுங்கோன்னா. இந்தத் தடவை சத்தியமா உங்களுக்குத்தான் போடுவேன்."

பேனாவை எடுத்து அவர் விரல்களுக்குள் திணித்தாள்.

மஹாதேவன் பேனாவைப் பிடிக்கவே இல்லை.

"நான் சொன்ன ஆள் நீ இல்லை, சாவித்ரி."

"பின்னே யாரு?"

"தேர்தல்ல நிக்கறவன் தன் பேருக்குத் தானே குத்திக்கப்படாது, எதிராளிக்குப் போடறதுதான் மரியாதைன்னு எங்கப்பா சொல்லுவார். முதல் எலெக்ஷன்லேர்ந்தே நான் அப்படித்தான் போட்டுண்டு வரேன்" என்றவர் மேஜைமேல் கிடந்த விண்ணப்பத் தாளை மடித்தார். "எப்படியும் உன் ஓட்டு எனக்கு இருக்குங்கற தைரியத்துலதான், அன்னிக்கும் என் ஓட்டைச் சீதாராமனுக்குப் போட்டேன்."