ஒரே அச்சு

கயல்விழியை முடியைப் பிடித்து இழுத்து வந்து வாசலில் தள்ளினான் அவள் கணவன் நந்தகுமார். பொம்மைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த, களிமண் கிளறும் கட்டையால் முதுகில் அடித்தான்.

"எனக்கு இல்லாத எய்ட்ஸு உனக்கு எப்படிடி வந்துச்சு? எவன்டி குடுத்தான்?"

"நல்லா மிதிடா!" என்றாள் மாமியார் விருத்தாம்பாள்.

போன மாதம் வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப்போன நர்ஸ் ரோசி ஓடி வந்து நடுவில் நின்று, மாமியாரிடம் சொன்னாள். "அம்மா, உங்ககிட்ட தனியா பேசணும்."

"தனியா என்னா? தெருவே கேக்கச் சொல்லு!"

"கிருமியில பல ரகம் இருக்குதுங்க; பெரிய லேப்புல பிரிச்சுப் பாத்தாங்க. இவங்களுக்கு இருக்கறதும் இன்னொருத்தருக்கு இருக்கறதும் ஒரே அச்சுல வார்த்த பொம்மையாட்டம் இருக்குது."

"யாரு அது? இதே கட்டையால மண்டைய பொளந்துடறேன்!" நந்தகுமார் கட்டையை ஓங்கினான்.

ரோசி மாமியாரைப் பார்த்தாள். "இப்பவும் சொல்லணுமாம்மா?"

"சொல்லு! அந்த ஆளு செத்தாத்தான் எனக்கு நிம்மதி!"

"உங்களுக்குத்தாங்க இருக்குது."

கயல்விழி வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள். "நம்ம ரெண்டு பேருக்கும் காய்ச்சல்னு நீங்க கூட்டிப்போன டாக்டரு, வரிசையா உக்கார வெச்சு எல்லாருக்கும் ஒரே ஊசியிலதானே அத்தை போட்டாரு?"

ஓங்கிய கட்டை இன்னும் இறங்கவில்லை. விருத்தாம்பாள் மெல்ல நகர்ந்து, மருமகளின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள்.