ஓரடி பின்னால்

நீச்சலும் சைக்கிளும் முடிந்துவிட்டன. மிச்சம் ஓட்டத்தின் கடைசி முந்நூறு மீட்டர். ராணுவப் போட்டி என்பதால் கயிற்றுக்கு இப்பால் நிற்பவர்கள் எல்லாம் வீட்டு ஆட்கள்தான். மேஜர் முதலில் வருகிறார். வாய் பிளந்திருக்கிறது, ஒரு கால் லேசாக இழுக்கிறது. அவருக்கு இடப்பக்கம், சரியாக ஓரடி பின்னால், பதினாறு வருடமாக அவரிடம் வேலை பார்க்கும் சார்ஜன்ட். உப்புப் பூத்த அவர் பனியனில் வெயில் மின்னுகிறது, மூச்சுகூட வாங்கவில்லை. “அப்பாவால முடியலையாம்மா?” என்கிறாள் சார்ஜன்டின் மகள். “முடியாம என்ன. முன்னாடி போறது மேஜர்டீ,” என்கிறாள் சார்ஜன்டின் மனைவி. அவள் கையில் தண்ணீர் பாட்டில் நசுங்கி நசுங்கி நிமிர்கிறது. முதலில் வருபவருக்கு மட்டும்தான் ராணுவ அணியில் இடம். அடுத்த வருடம் கணவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். மேஜர் திரும்பாமலே கத்துகிறார்: “யோவ், முந்திப் போய்யா. இது உத்தரவு.” “சரிங்க சார்.” அதற்காகவே காத்திருந்தவை போலக் கால்கள் பிய்த்துக்கொண்டு கிளம்புகின்றன. கயிற்றோரம் முழுக்கக் கைதட்டல். ஆனால் முடிவுக்கோட்டில் கட்டிய நாடாவுக்கு ஓரடி முன்னால் சார்ஜன்ட் சட்டென நின்றுவிடுகிறார். குதிகால்கள் ஒட்டுகின்றன, கை சல்யூட்டுக்கு உயர்கிறது. “ஏம்மா நின்னுட்டாரு?” “எந்த வாசலா இருந்தாலும் மேஜர் போனப்புறம்தான் இவரு போவாரு. பழகிப்போச்சு.” நொண்டியபடி வந்து சேர்ந்த மேஜர் இரண்டு உள்ளங்கையாலும் அவர் முதுகில் ஓங்கித் தள்ளுகிறார். நாடாவை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போகும்போதும் சார்ஜன்டின் கை நெற்றியிலேயே இருக்கிறது.